கால் பட்டாலே பாயும் கார்: ஆக்ஸிலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன ஷெட் நம்முடையது. வாரத்துக்கு ஒருவராவது வந்து இந்தப் புகாரைச் சொல்லிவிடுவார்: “அண்ணா, லேசா கால் வச்சாலே வண்டி எகிறுது.” டி.எச். ரோட்டில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ. நின்று நின்று நகரும் அந்த இடத்தில் வண்டி ஒரு அடி அதிகமாகத் துள்ளினால் வயிறு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

கால் வைத்தவுடன் வண்டி பாய்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு நாள் எதையும் கழற்றாமல் கவனியுங்கள். “வண்டி எகிறுது” என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். நின்ற வண்டியை நகர்த்தும்போது மட்டும் துள்ளுகிறதா? ஓடும் வண்டியில் காலை எடுத்து மறுபடி வைக்கும்போது இடிக்கிறதா? கால் வைக்காமலேயே தானாக இழுக்கிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா? ஏசி போட்டால் மட்டுமா?

நகர்த்தும்போது மட்டும் என்றால் இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயான திராட்டில் பாடியில் கரி, இறுகிய கேபிள், கிளட்ச், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். எடுத்து வைக்கும்போது இடி என்றால் முதலில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பார்ப்பேன். கால் வைக்காமலேயே இழுத்தால் ஐடிலிங், அதாவது பெடலைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம், அதிகம். எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அல்லது பெடலை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. எப்போது வருகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொல்லாமல் “என்னமோ பண்ணுது, பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பில் உங்களுடையது.

பெடலை மிதித்தால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பழைய மாருதி 800, பழைய ஆல்டோ மாதிரி வண்டிகளில் பெடலிலிருந்து ஒரு இரும்புக் கேபிள் நேராக இன்ஜினுக்குப் போகும். அங்கே காற்று நுழையும் குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. பட்டர்ஃபிளை என்பார்கள். கேபிள் இழுத்தால் தகடு திரும்பும், காற்று உள்ளே போகும், அதற்குத் தகுந்த பெட்ரோல் ஊற்றப்படும்.

இப்போது வரும் வண்டிகளில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார் இருக்கும். நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை அவை வோல்ட் கணக்கில் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்லும். எவ்வளவு திறக்கலாம் என்று ஈசியூ முடிவு செய்து, திராட்டில் பாடியில் இருக்கும் குட்டி மோட்டாருக்கு உத்தரவு போடும். நீங்கள் மிதிப்பது தகட்டை அல்ல, ஒரு விண்ணப்பத்தை. அதை எவ்வளவு தாராளமாக நிறைவேற்றுவது என்பது கம்பெனிக்காரன் எழுதி வைத்த கணக்கு. டெஸ்ட் டிரைவில் வண்டி ‘சுறுசுறுப்பாக’ தெரியவேண்டும் என்பதற்காக, கால்வாசி மிதித்தாலே அதைவிட அதிகமாகத் திறக்கும்படி எழுதிய வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கோளாறு எதுவும் இருக்காது. அதன் சுபாவமே அதுதான்.

முதல் கொஞ்சம் மிதிப்பில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்? அதற்கப்புறம் சாதாரணமாகத்தானே இருக்கிறது?

தண்ணி லாரியின் பின்னால் இருக்கும் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் துளி அசைத்தவுடன் குடம் தெறித்து விழும் அளவுக்குத் தண்ணீர் பீறிடும். பாதிக்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பட்டர்ஃபிளையும் அப்படித்தான். ஐடிலிங்கில் தகட்டுக்குப் பின்னால் பலமான வெற்றிடம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் தகடு ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தாலே காற்று பாய்ந்து போகும். மேலே முதல் கியர் வேறு. இன்ஜின் கொடுக்கும் இழுவையைப் பல மடங்கு பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும்.

ஆகவே எந்தக் காரிலும் முதல் ஓரிரு மில்லிமீட்டர்தான் தகராறு பிடித்த இடம். அந்த இடத்தில் ஒரு மெல்லிய கரிப் படலம் உட்கார்ந்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும்.

கரி எங்கே பிடிக்கும்? சுத்தம் செய்தால் சரியாகுமா?

தகட்டின் விளிம்பு குழாய்ச் சுவரைத் தொடும் இடத்தில், வளையம் மாதிரி. ஏர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: தகட்டின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும், விளிம்பைச் சுற்றிக் கருப்பாகப் பிசுபிசுப்பு. விரலில் தேய்த்தால் கண்மை மாதிரி ஒட்டும். இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவிதான் இதற்கு முக்கியக் காரணம். அதோடு மணலி, எண்ணூர் பக்கத்துத் தூசியும் ஏர் ஃபில்டர் சரியில்லாத வண்டியில் சேர்ந்துகொள்ளும்.

கேபிள் வண்டியில் இந்தப் பிசுபிசுப்பு தகட்டைச் சுவரோடு ஒட்ட வைக்கும். லேசாக மிதித்தால் அசையாது. கொஞ்சம் அழுத்தினால் ‘டப்’ என்று விடுபட்டுத் தேவைக்கு மேல் திறக்கும். நின்ற இடத்திலிருந்து வண்டி துள்ளுவது இதனால்தான். எலக்ட்ரானிக் வண்டியில் கதை வேறு. கரியால் காற்று குறைந்துவிட்டது என்று ஈசியூ தகட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து சமாளித்து, அதையே பழக்கமாக வைத்துக்கொள்ளும். ஆரம்ப மிதிப்பு சீராக இருக்காது.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி ஆஃபில் இருக்க வேண்டும். ஏர் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். திராட்டில் பாடி கிளீனர் என்றே டப்பா கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். அதை உள்ளே நேராகப் பீய்ச்சாமல், பஞ்சு பிரியாத துணியில் அடித்து, விளிம்பையும் சுவரையும் துடைத்தெடுங்கள். நேராக அடித்தால் ஓரமாக மோட்டார், சென்சார் பக்கம் ஒழுகும். உப்புத்தாள், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பல திராட்டில் பாடிகளில் உள்ளே ஒரு மெல்லிய பூச்சு உண்டு, அதைச் சுரண்டினால் போச்சு. எலக்ட்ரானிக் வகையில் தகட்டை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள், பின்னால் இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். பெட்ரோலில் பிரஷ்ஷை முக்கித் தேய்க்கும் வழக்கம் நம் ஏரியாவில் இன்னும் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்த அன்றோடு விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்த பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டதே?

பயப்படாதீர்கள், இது நடப்பதுதான். கரி இருந்தபோது அதிகமாகத் திறந்து பழகிய ஈசியூ, கரி போன பிறகும் அதே அளவு திறக்கிறது. காற்று அதிகம், ஐடிலிங் அதிகம், கால் வைத்தால் எகிறல். புதுசாகப் பழகிக்கொள்ள அதற்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும். சில வண்டிகளில் ஈசியூவோடு பேசும் கருவியான ஸ்கேனர் போட்டுத்தான் இதைச் செய்யமுடியும். சிலவற்றில் சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு, ஸ்டார்ட் பண்ணி, ஏசி, லைட் எல்லாம் அணைத்து ஃபேன் ஓடும் வரை சும்மா நிற்க வைத்தால் போதும். உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்துச் செய்யுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு இரண்டு நாள் வண்டி துள்ளுவதும் இதே கதைதான்.

பெடல் சென்சார் போய்விட்டது, மாற்றவேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். மாற்றலாமா?

என்ன சோதனை செய்து அப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு சென்சார் வைத்ததற்கே ஒரு காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட்டில் பாதியை மற்றது காட்டும். காலை எடுத்திருக்கும்போது ஒன்று 0.8 என்றால் இன்னொன்று 0.4, முழுசாக மிதித்தால் 4-க்குப் பக்கம் ஒன்று, 2-க்குப் பக்கம் இன்னொன்று. இந்தக் கணக்கு இடித்தால் ஈசியூ இரண்டையும் நம்பாது. இன்ஜின் விளக்கைப் போட்டுவிட்டு வேகத்தைக் கட்டிப்போடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டியாக நகரும். அதாவது, பெடல் சென்சார் கெட்டால் பெரும்பாலும் வண்டி படுத்துவிடும், பாயாது. விளக்கு எரியாமல், ஈசியூவில் கோளாறு எண் எதுவும் பதிவாகாமல், வண்டி பாய்கிறது என்பதற்காக மட்டும் சென்சாரை மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த சென்சாரில் நடுவில் ஓரிடத்தில் மட்டும் வோல்ட் குதிக்கும். அதைப் பிடிக்க வழி அடுத்த பதிலில்.

வீட்டிலேயே ஸ்கேனர் வைத்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் கருவி மலிவாகவே கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். லைவ் டேட்டாவில் பெடல் அளவைக் கிராஃபாகப் போட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று பத்து எண்ணும் நேரத்தில் பெடலை மெதுவாகக் கீழே வரை அழுத்துங்கள். அதே மெதுவில் விடுங்கள். கோடு மலைச்சரிவு மாதிரி வழவழப்பாக ஏறி இறங்கவேண்டும். எங்காவது பல் மாதிரி வெட்டு விழுந்தால் அந்த இடத்தில் சென்சார் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒயரை இணைக்கும் கப்ளரில் பிடிப்பு இல்லை. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று தடவையும் அதே இடத்தில் வெட்டு விழுந்தால் நம்பலாம்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களில் இந்த விஷயத்துக்கு உதவுவது கொஞ்சம்தான். பி 2138 என்றால் பெடலின் இரண்டு சென்சாருக்குள் கணக்கு ஒத்துப்போகவில்லை. பி 2135 என்றால் திராட்டில் பாடியின் இரண்டு சென்சாருக்குள். பி 0507 என்றால் ஐடிலிங் இருக்கவேண்டியதைவிட அதிகம். பி 0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். எங்கோ ஹோஸ் ஓட்டை என்று தேட ஆரம்பிக்கலாம். இந்த எண் தெருப் பெயர் மாதிரி. வீட்டு நம்பரை நாம்தான் தேடவேண்டும்.

ஹோஸ் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்தில் முதல் சந்தேகம் எலி மேல்தான். ராத்திரி சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து, கையோடு வேக்குவம் ஹோஸையும் ஒயரையும் கடித்துவிட்டுப் போகும். பானெட்டைத் திறந்தால் கருப்பு ரப்பர் துகளும் எலிப் புழுக்கையும் கிடக்கும். மார்க்கெட் பக்கம், கழிவுநீர்க் கால்வாய் பக்கம் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். புகையிலைக் கட்டு வைப்பது, நாப்தலின் உருண்டை போடுவது எல்லாம் எங்களிடம் வரும் வண்டிகளில் பார்க்கிறேன். எலி அதன் மேலேயே படுத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கடிபடாவிட்டாலும் ரப்பர் வெயிலில் வெடிக்கும். இன்ஜின் ஓடும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கிறதா என்று ஹோஸ்களின் முனையில் காது வையுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், கையையும் துண்டையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. அதிலிருந்துதான் இப்படி.

2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சரி, எங்களுக்கு மாதக்கணக்கில் இதே வேலைதான். மேலே கார்பெட் காய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அதற்குக் கீழே இருக்கும் பஞ்சு மெத்தை ஊறிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் மேலேறி, பெடலின் கப்ளருக்குள் பச்சை பூக்கும். திருவொற்றியூர், காசிமேடு மாதிரி கடலோரத்தில் நிற்கிற வண்டி என்றால் உப்புக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பெடல் கப்ளரைப் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் சுத்தமாக மின்னினால் நல்லது. பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, பின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி போடவேண்டும். சென்சாரை மாற்றியும் தீராத எத்தனையோ வண்டிகள் இந்தக் கப்ளரைத் துடைத்ததும் ஓடியிருக்கின்றன. கார்பெட்டைத் தூக்கிக் காயவைக்காமல் கப்ளரை மட்டும் துடைத்தால் அடுத்த மாதம் திரும்ப வருவீர்கள்.

கேபிள் வண்டியில் என்ன பார்ப்பது?

இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பெடலை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், நீங்கள் பானெட் பக்கம் நின்று பாருங்கள். தகடு விக்காமல் திறக்க வேண்டும், விட்டவுடன் பட்டென்று மூடவேண்டும். கேபிளில் சில மில்லிமீட்டர் தொய்வு இருக்கவேண்டும். துளியும் இல்லையென்றால் ஐடிலிங் ஏறும். அதிகமாகத் தொங்கினால் முதலில் ஒன்றும் நடக்காமல் அப்புறம் ஒரேயடியாக இழுக்கும். உறைக்குள் கம்பி பிரிந்து முள்ளாக நின்றால் மாற்றிவிடுங்கள். ஆயில் ஊற்றிச் சமாளிக்காதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும். இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இதுதான்.

எடுத்து வைக்கும்போது ‘டொக்’ என்று இடிக்கிறது. இதுவும் ஆக்ஸிலேட்டர்தானா?

பெரும்பாலும் இல்லை. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரேஸுக்கும் இன்ஜின் முழுதாக ஆடி இடிக்கும். உங்களுக்கு ஆக்ஸிலேட்டர் கூர்மையாகிவிட்டதாகத் தோன்றும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை அழுத்தமாக மிதித்து, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட்டுப் பாருங்கள், அடுத்து ரிவர்ஸிலும். இன்னொருவர் பானெட் திறந்த வண்டியின் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் துளி அசைவது இயல்பு. எழுந்து உட்கார்ந்தால் மவுண்ட் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓடும் வண்டியில் காலை முழுசாக எடுத்தால், ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். வேகம் ஐடிலுக்குப் பக்கம் இறங்கியதும் மறுபடி ஊற்றும். நிற்கும், ஊற்றும் அந்த நேரத்தில் ஒரு சின்ன உதறல் வருவது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். முதல் கியரில் காலை எடுத்து எடுத்து வைத்தால் அது பெரிதாகத் தெரியும். இரண்டாவது கியருக்குப் போய்விட்டால் பாதி குறையும்.

டீசல் வண்டி. முதலில் தூங்குகிறது, அப்புறம் பிய்த்துக்கொண்டு போகிறது.

டீசலில் பெடல் கேட்பது எரிபொருளை, காற்றை அல்ல. நீங்கள் சொல்வது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வேலை. 1.3 லிட்டர் பழைய ஸ்விஃப்ட் டீசலை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஏறக்குறைய 2000 ஆர்பிஎம் வரை சாது, அதற்கு மேல் வேறு வண்டி. ‘போகமாட்டேங்குதே’ என்று இன்னும் மிதிப்போம், அந்த நேரம் பார்த்து டர்போ எழுந்துகொள்ளும். இதை ரிப்பேர் பண்ண முடியாது, ஒரு கியர் இறக்கித்தான் ஓட்டவேண்டும். புதிதாக இப்படி ஆரம்பித்திருந்தால் மட்டும் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வையும் டர்போ ஹோஸையும் காட்டுங்கள்.

சிஎன்ஜி வண்டி?

கேஸில் இழுவை கொஞ்சம் குறைவு. அதற்குப் பழகிய கால், பெட்ரோலுக்கு மாறியதும் அதே அழுத்தம் கொடுக்கும், வண்டி துள்ளும். ஆகவே பெட்ரோலில் மட்டும் துள்ளுகிறதா, கேஸிலும் துள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏஎம்டி (தானாகக் கியர் மாற்றும்) வண்டியில் காலை வைத்தால் முதலில் யோசித்து அப்புறம் தாவுகிறது.

கிளட்ச் பெடல் இல்லை என்றாலும் உள்ளே கிளட்ச் இருக்கிறது. அதை ஒரு மோட்டாரோ ஆயில் அழுத்தமோ இயக்குகிறது. நம் கால் அதற்குமுன் அவசரப்பட்டால் தாவும். பிரேக்கை விட்டதும் தானாக நகர ஆரம்பிக்கும். அந்த நகர்வுக்கு ஒரு நொடி விட்டு அப்புறம் ஆக்ஸிலேட்டரைத் தொடுங்கள். கிளட்ச் தேய்மானத்துக்கு ஏற்ப ஸ்கேனரில் அளவு திருத்தும் வேலை உண்டு. அதைச் செய்தும் அடங்காவிட்டால் கிளட்ச் பிளேட்.

கால் மேலேயே தப்பு இருக்குமா?

கேட்டவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் இதைக் கடைசியில் வைக்கலாமா என்று யோசித்தேன். இருக்கும். நிறையவே இருக்கும்.

வண்டி வந்ததும் டிரைவர் பக்கக் கால் மிதி மேட்டைத்தான் முதலில் பார்ப்பேன். குதிகால் ஊன்றும் இடம் தேய்ந்து ஒரு குழி விழுந்திருக்கும். அந்தக் குழி பிரேக்குக்கு நேராக இருந்தால் நல்ல கால். குதிகாலை அங்கேயே ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை மட்டும் வலது பக்கம் திருப்பி ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார். குழியே இல்லையென்றால் காலை அந்தரத்தில் தூக்கி வைத்து, தொடையால் மிதிக்கிறார் என்று அர்த்தம். ஒரு பள்ளம் வந்தால் உடம்பு குலுங்கும், கால் குலுங்கும், பெடல் குலுங்கும், வண்டி துள்ளும், அந்தத் துள்ளலில் கால் மறுபடி குலுங்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் தவளை மாதிரி தத்திக்கொண்டு போகும் கார்களில் பாதி இந்த ரகம்.

சீட்டை ரொம்ப முன்னால் தள்ளி உட்கார்ந்தாலும் குதிகால் ஊன்ற இடம் இருக்காது. தடித்த சோல் ஷூ போட்டால் பெடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும், ஓரம் பெடலில் மாட்டும். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதைவிடச் சுலபமான சோதனை, பழகிய வேறொருவரிடம் பத்து நிமிஷம் கொடுப்பது. அவருக்கும் துள்ளினால் ஷெட்டுக்கு வாருங்கள்.

மேட் மாற்றியதிலிருந்து பெடல் ஒரு மாதிரி இருக்கிறது.

ஒரு சமயம் நானே ஏமாந்தேன். ஐடிலிங் இறங்கவில்லை, வண்டி இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று ஒருவர் வந்தார். திராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்து, ஹோஸ் எல்லாம் தடவிப் பார்த்து அரை நாள் போனது. கடைசியில் எங்கள் பையன் உள்ளே குனிந்து, “அண்ணா, மேட்டு பெடலத் தூக்கி நிக்குது பாரு” என்றான். புதுசாகப் போட்ட 7டி என்ற தடித்த மேட். அதன் கீழே பழைய ரப்பர் மேட்டையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்த உயரத்தில் பெடலின் அடிமுனை உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குக் கூலி கேட்க வாய் வரவில்லை.

சிரிக்கும் விஷயமும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா, மேட்டில் பெடல் மாட்டிக்கொள்ளும் பிரச்சினைக்காக 38 லட்சம் அளவிலான வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. ஒரு மேட் போதும். கொக்கி இருந்தால் அதில் மாட்டுங்கள். பெடலை முழுக்க அழுத்திவிட்டு மேட்டில் படாமல் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை மென்மையாக்கும் பெட்டி விற்கிறார்களே, போடலாமா?

அந்தப் பெட்டி பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, போகும் வோல்ட்டைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். அவ்வளவுதான். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது. பெரும்பாலானவர்கள் வண்டியை இன்னும் பாய வைக்கத்தான் வாங்குகிறார்கள். ஈகோ அமைப்பில் வைத்தால் மென்மையாகும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டியிலேயே ஈகோ, நார்மல், ஸ்போர்ட் பட்டன் இருந்தால் அதை முதலில் பாருங்கள். ஸ்போர்ட்டில் வைத்துக்கொண்டு மூலக்கடை சிக்னலில் துள்ளுகிறது என்று வந்தவர் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியா? பழைய ஓனர் இந்தப் பெட்டியை மாட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே டேப் சுற்றி மறைத்திருக்கலாம். பெடலிலிருந்து போகும் ஒயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வாரண்டி உள்ள வண்டியில் போடாதீர்கள்.

புதுப்பேட்டையில் பழைய திராட்டில் பாடி வாங்கிப் போடலாமா?

பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால், தகடு ஆடாமல் இருந்தால், மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழக்க முடியும் என்றால் போடலாம். பெடல் சென்சாரைப் பழசாக நான் வாங்கமாட்டேன். வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து கழற்றியதா என்று யார் சொல்வார்கள்? ஜி.பி. ரோட்டில் புதுசாக விலை கேட்டுப் பாருங்கள்.

ஓடும்போது ஆக்ஸிலேட்டர் அப்படியே மாட்டிக்கொண்டால்?

பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு மிதியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. திராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும். உடனே நியூட்ரல். இன்ஜின் அலறும், அலறட்டும். ஹஸார்ட் விளக்கைப் (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு இடது ஓரம் ஒதுங்கி, நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரல் விழவே இல்லையென்றால் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை அணைக்கலாம், எடுக்கக் கூடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பட்டனைச் சில நொடி விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். குனிந்து கையால் பெடலைத் தூக்கப் பார்க்காதீர்கள், கண் ரோட்டில் இருக்கட்டும்.

அதற்கப்புறம் அந்த வண்டியை ஓட்டி எடுத்துக்கொண்டு வரவேண்டாம். இழுத்து வரச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. காலையில் மட்டும் துள்ளுகிறது, மெக்கானிக்கிடம் போனால் ஒழுங்காக ஓடுகிறது.

ஓட்டிக்கொண்டு வரும்போதே இன்ஜின் சூடாகிவிடுகிறது, அவருக்கு எப்படித் தெரியும்? குளிர்ந்த இன்ஜினில் ஈசியூ வேண்டுமென்றே ஐடிலிங்கை ஏற்றி வைக்கும். ஓரிரு நிமிஷத்தில் இறங்கினால் அது கோளாறே இல்லை. அதற்கு மேலும் நீடித்தால் இன்ஜின் சூட்டைச் சொல்லும் கூலன்ட் சென்சாரைப் பார்க்கவேண்டும். இன்ஜின் சூடான பிறகும் அது ‘இன்னும் குளிர்ச்சி’ என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். வண்டியை முந்தின நாள் ராத்திரியே ஷெட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் போடுகிறேன். எனக்கு முன்னால் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று பையனிடமும் சொல்லி வைத்துவிடுகிறேன்.